சில கிலோ உலோகம்

அணுக்கரு இயற்பியல் பாடத்தை நடத்தும்போதெல்லாம், மும்பை செம்பூரில் என்னிடம் படிக்க வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் யாராவது ஒருவர், "சார், அணுகுண்டு செய்யும் ஃபார்முலாவை எந்த நாடும் வெளியே சொல்லாதாமே?" என்று கேட்பது வழக்கம். பெட்டகத்தில் பூட்டிய ஒரு தாள், அதைத் திருட அலையும் ஒற்றர்கள், இரவோடு இரவாக வல்லரசாகிவிடும் ஒரு நாடு என்கிற சித்திரம் நம் எல்லோருடைய மனத்திலும் பதிந்திருக்கிறது. ஒற்றர்கள் இருந்தது உண்மைதான். அமெரிக்காவின் முதல் அணுகுண்டுகளை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாஸ் ஃபுக்ஸ் சோவியத் ஒன்றியத்துக்குக் குண்டின் அமைப்பைப் பற்றி விரிவாகத் தகவல் கொடுத்தார். 1950-இல் அதற்காகப் பிரிட்டனில் சிறைக்கும் போனார். ஆனால் அந்தத் தகவல் 1945-லேயே கைக்கு வந்திருந்தும், சோவியத் ஒன்றியம் தன் முதல் குண்டை வெடிக்க 1949 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. வரைபடத்துக்குள் வைப்பதற்குப் புளூட்டோனியம் என்ற உலோகம் இல்லாததே அந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம்.

அணுகுண்டின் வரலாற்றை மேதைகளின் கதையாகவோ தலைவர்களின் துணிச்சல் கதையாகவோ சொல்லும் பழக்கத்தில் எனக்கு நாளாக நாளாக ஈடுபாடு குறைந்துவிட்டது. எந்த நாட்டிடம், எந்த உலோகம், எத்தனை கிலோ, அது எந்த அணு உலையில் விளைந்தது என்று எடைக்கணக்காகப் பார்த்தால், குழப்பமாகத் தெரியும் பல நிகழ்ச்சிகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடுகின்றன. அந்தக் கணக்கின் இந்தியப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், டிராம்பே குன்றுக்கு அந்தப் பக்கம், அணு ஆராய்ச்சி நிலையத்தில் எழுதப்பட்டது. கேட்வேயிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் படகில் போகிறவர்கள் இடப்பக்கம் பார்த்தால் கரையோரத்தில் உலைக்கூடத்தின் கவிகை மாடம் தெரியும்.

முதலில் அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஷ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது அதில் பேரியம் உண்டாகியிருப்பதைக் கண்டார்கள். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி ஸ்வீடனில் இருந்த லீஸ மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும், அணுக்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று அதற்கு விளக்கம் கண்டுபிடித்தார்கள். ஒரு பிளவில் ஏறத்தாழ 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. வெடிமருந்தின் ஒரு மூலக்கூறு தருவது இதில் பல மில்லியனில் ஒரு பங்கு. அதோடு ஒவ்வொரு பிளவும் இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியே தள்ளுகிறது. அவற்றில் ஒன்றுக்கு மேல் அடுத்த அணுக்கருவைப் பிளந்தால் தொடர்வினை பெருகத் தொடங்கும். வெடிப்பில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே ஒரு வினாடியின் பத்து கோடியில் ஒரு பங்கு அளவுக்கே நேரம் பிடிக்கிறது. சுமார் 80 தலைமுறைகளில் எல்லாம் முடிந்துவிடும். மொத்த ஆற்றலின் பெரும்பகுதி கடைசிச் சில தலைமுறைகளில்தான் வெளிப்படும். அதற்குள் உலோகம் விரிந்து சிதறாமல் இருக்க வேண்டும் என்பதே குண்டு வடிவமைப்பாளரின் கவலை.

இதன் அடிப்படைகள் 1939-இலேயே அறிவியல் இதழ்களில் வந்துவிட்டன. அன்றைக்குத் தீராமல் கிடந்த சிக்கல் வேறு. பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடு, மீதி ஏறக்குறைய முழுவதும் யுரேனியம்-238. இரண்டும் வேதியியலில் ஒன்றே. எந்த அமிலமும் எந்தக் கரைப்பானும் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிரிக்காது. எடையில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான வேறுபாடு மட்டுமே உண்டு. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மணமுள்ள ஆயிரம் அரிசிமணிகளிலிருந்து, எடை இம்மியளவு குறைந்த ஏழை மட்டும் பொறுக்கச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட வேலை. 1940 மார்ச்சில் பர்மிங்ஹாமில் இருந்த ஃபிரிஷும் ருடால்ஃப் பையர்ல்ஸும் எழுதிய குறிப்பு, டன் கணக்கில் தேவைப்படும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த யுரேனியம்-235 கிலோ கணக்கிலேயே போதும் என்று காட்டியது. அவர்கள் போட்ட எண் உண்மையைவிட மிகவும் குறைவு. ஆனாலும் அரசாங்கங்கள் அசைந்து கொடுத்தது அந்தக் குறிப்புக்குப் பிறகுதான்.

இரண்டாவது வழி யுரேனியம்-238-இன் வழியாகப் போகிறது. அது ஒரு நியூட்ரானை விழுங்கி யுரேனியம்-239 ஆகி, சுமார் 23 நிமிட அரை ஆயுளில் நெப்டூனியமாகவும், அடுத்து இரண்டே கால் நாளுக்குச் சற்று மேலான அரை ஆயுளில் புளூட்டோனியம்-239 ஆகவும் மாறுகிறது. புளூட்டோனியமும் பிளவுபடும், அதைவிட முக்கியம், அது வேறு தனிமம் என்பதால் வேதியியல் முறையிலேயே பிரித்துவிடலாம். எங்கள் கட்டடத்தில் டிராம்பேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். அலுவலகத்தைப் பற்றி வாயே திறக்காத மனிதர். நான் இயற்பியல் வாத்தியார் என்று தெரிந்ததும் ஒரே ஒரு முறை, "பிசிக்ஸ் எல்லாம் புஸ்தகத்துலயே இருக்கேப்பா, கெமிஸ்ட்ரிதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, பேச்சைக் காய்கறி விலைக்கு மாற்றிவிட்டார். அவர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்பே விளங்கியது. உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் ஒரு டன் யுரேனியத்தில், குண்டுக்கான புளூட்டோனியம் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். மனிதன் அருகில் போக முடியாத கதிரியக்கத்துக்கு நடுவே, கனத்த கான்கிரீட் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கரைப்பான்களால் வடித்து அதை எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டம் எங்கே பணம் செலவழித்தது என்று பார்த்தால் இந்த உண்மை பளிச்சென்று தெரிகிறது. ஏறத்தாழ 200 கோடி டாலர் மொத்தச் செலவில், யுரேனியத்தைச் செறிவூட்டிய, அதாவது அதில் யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டிய, டென்னசியின் ஓக் ரிட்ஜுக்கு 60 விழுக்காட்டுக்கு மேலும், புளூட்டோனியம் விளைவித்த வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டுக்குச் சுமார் 20 விழுக்காடும் போயின. ஓப்பன்ஹைமரும் அவருடைய புகழ்பெற்ற சகாக்களும் இருந்த லாஸ் அலமோஸின் பங்கு சுமார் 4 விழுக்காடு. ஓக் ரிட்ஜின் மின்காந்தப் பிரிப்பு இயந்திரங்களுக்குச் செம்புக் கம்பி கிடைக்காத போர்க்காலத் தட்டுப்பாட்டில், அமெரிக்கக் கருவூலத்திலிருந்து 13,000 டன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கடனாக வாங்கிச் சுற்றினார்கள். டன் கணக்கில் வெள்ளி கேட்டு வந்த திட்ட அதிகாரி கர்னல் நிக்கல்ஸிடம், இங்கே வெள்ளியை அவுன்ஸில்தான் பேசுவோம் என்று கருவூல அதிகாரி கடிந்துகொண்டாராம். அந்த இயந்திரங்களின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்த இளம்பெண்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதைப் பிரிக்கிறோம் என்பதே தெரியாது. ஹிரோஷிமா செய்தி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

குண்டுகளின் உருவத்தைத் தீர்மானித்ததும் உலோகமே. ஹிரோஷிமாவின் குண்டு, ஒரு யுரேனியத் துண்டை இன்னொன்றின் மீது பீரங்கிபோலச் சுடும் எளிய அமைப்பு. அது வேலை செய்யும் என்று அவ்வளவு நம்பிக்கை இருந்ததாலும், சோதித்துப் பார்க்க உபரி யுரேனியம் இல்லாததாலும், சோதிக்காமலேயே போட்டார்கள். புளூட்டோனியத்துக்கு இந்த முறை ஒத்துவரவில்லை. உலையில் விளையும் புளூட்டோனியத்தில் கலந்துவிடும் புளூட்டோனியம்-240 தானாகவே பிளவுபட்டு நியூட்ரான்களை உமிழ்வதால், துண்டுகள் முழுதாகச் சேர்வதற்குள் குண்டு அரைகுறையாக வெடித்துச் சிதறிவிடும் என்பது 1944 கோடையில் தெரிய வந்தது. உருண்டையைச் சுற்றிலும் வெடிமருந்தால் ஒரே கணத்தில் நசுக்கும் உள்வெடிப்பு முறைக்குத் திரும்பினார்கள். 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் நடந்த டிரினிட்டி சோதனை அதற்காகத்தான்.

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவுக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்த குண்டில் ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளவுபட்டது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலாக மாறி மறைந்த நிறை ஒரு கிராமைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று முதலில் குறிவைத்த கொக்குரா நகரின் மேல் புகையும் மேகமும் சூழ்ந்திருந்ததால் நாகசாகிக்குத் திருப்பப்பட்ட விமானம் போட்ட குண்டில் இருந்தது சுமார் ஆறு கிலோ புளூட்டோனியம். அங்கே இறந்தவர்கள் அந்த ஆண்டு முடிவுக்குள் ஏறத்தாழ 70,000 பேர்.

ஹிரோஷிமா குண்டின் ஆற்றல் '15 கிலோ டன்', அதாவது 15,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம் என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் முகத்தில் எந்தச் சலனமும் இருப்பதில்லை. எனவே நான் மும்பையின் அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன். 1944 ஏப்ரல் 14 அன்று பிற்பகலில், விக்டோரியா டாக்கில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்து வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் தங்கக் கட்டிகளையும் ஏற்றி வந்த அதே கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும் இருந்தது. தீயணைப்பு வீரர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகள் எரிந்தன. அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கக் கருவியில் பதிவாயிற்று. தீயணைப்புத் துறை இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறது. ஹிரோஷிமாவின் ஆற்றல் அந்தக் கப்பலின் சரக்கைப் போலப் பத்து மடங்குக்குச் சற்று அதிகம். இங்கே ஒரு திருத்தம் தேவை. ஆற்றல் பத்து மடங்கானால் இடிபடும் வட்டத்தின் ஆரம் பத்து மடங்காகாது. அது கனமூல விதிப்படி இரண்டு மடங்குக்குச் சற்று மேலேதான் கூடும். அழுத்த அலை மட்டுமே என்றால் அணுகுண்டைப் பெரிய வெடிகுண்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது: ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒளியாகவும் வெப்பமாகவும் ஒரு சில வினாடிகளில் பாய்ந்து, ஒரு நகரம் முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கிறது. தண்ணீர்க் குழாய்களும் உடைந்து, தீயணைப்பவர்களும் மருத்துவர்களும் செவிலியரும் அதே கணத்தில் இறந்தோ காயமுற்றோ கிடக்கும் ஊரில் உதவி என்று எதுவும் உள்ளிருந்து எழ முடியாது.

கதிரியக்கம் அதற்கடுத்து வருகிறது. காயமே இல்லாமல் தப்பியவர்களாகத் தோன்றியவர்கள், சில நாட்களிலும் வாரங்களிலும் முடி கொட்டி, ஈறுகளில் இரத்தம் கசிந்து, வெள்ளையணுக்கள் அழிந்து இறந்தார்கள். இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளுக்குப் பின் உச்சத்தைத் தொட்டது. பிற புற்றுநோய்கள் பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்தன. உலகெங்கும் கதிரியக்கப் பாதுகாப்புக்கு வகுத்திருக்கும் வரம்புகள், இங்கே அணுசக்தி நகரில் வசிக்கும் ஊழியர்கள் உடலில் படும் கதிரியக்கத்தை அளக்க வேலையின்போது அணிந்துகொள்ளும் டோஸ் பட்டையின் வரம்பு உட்பட, பெருமளவுக்கு அந்த இரண்டு ஊர்களின் ஏறத்தாழ 1,20,000 பேரை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வின் மேல் நிற்கின்றன.

ஹைட்ரஜன் குண்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிளவுக் குண்டின் வெப்பத்தையும் கதிர்களையும் கொண்டு, லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேரும் இணைவு வினையைத் தொடங்கும் அதன் தத்துவத்தைவிட, அது உலகத்துக்கு விட்டுச் சென்ற தூசிதான் இங்கே முக்கியம். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த பிராவோ என்ற ஹைட்ரஜன் குண்டு, எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்காக, 15 மெகாடன் (ஒரு மெகாடன் ஆயிரம் கிலோ டன்) ஆற்றலோடு வெடித்தது. வினையில் சேராது என்று கணக்கில் விட்ட லித்தியம்-7 வினைபுரிந்ததே அதற்குக் காரணம். பவளத்தூள் சாம்பலாக, தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீது பொழிந்தது. அவர்களில் வானொலி இயக்குநர் செப்டம்பரில் இறந்தார். ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 2 அன்று, நேரு மக்களவையில் அணுச் சோதனைகளை நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்று கோரினார். தமிழ்நாட்டிலிருந்து அந்தக் குரலை மிகத் தொலைவு கொண்டுபோனவர் ராஜாஜி. அரசியலில் நேருவோடு முற்றிலும் முரண்பட்டு சுதந்திராக் கட்சியைத் தொடங்கிவிட்டிருந்த அவர், 1962 செப்டம்பரில் தம் 83-ஆம் வயதில் காந்தி அமைதி அறக்கட்டளைக் குழுவுக்குத் தலைமை தாங்கி வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்தும்படி அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. வளிமண்டலத்திலும் கடலடியிலும் விண்ணிலும் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தானது. சோதனைத் தூசியிலிருந்து பால்வழியாகக் குழந்தைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் போய்ச் சேர்ந்த ஸ்ட்ரான்ஷியம்-90 அதற்கான நெருக்குதலைக் கூட்டியிருந்தது. ராஜாஜியின் அந்தப் பயணத்தை நம் பாடநூல்கள் ஏறக்குறைய மறந்துவிட்டன என்பது எனக்கு வருத்தமே.

ஒப்பந்தம் சோதனைகளைப் பூமிக்கடியில் தள்ளியதே தவிர, உலோக உற்பத்தியைத் தொடவில்லை. டிராம்பேயின் கதை இங்கேதான் தொடங்குகிறது. 1954 ஜனவரியில் நிறுவப்பட்ட அணுசக்தி நிலையத்தில், 1956 ஆகஸ்டில் அப்சரா உலை தொடர்வினையை எட்டியது. 1960 ஜூலையில் கனடா கட்டித்தந்து, அமெரிக்கா கனநீர் (நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும் நீர்) கொடுத்த 40 மெகாவாட் சைரஸ் உலை எட்டியது. ஓர் உலை ஒரு மெகாவாட் வெப்பத்தில் ஒரு நாள் ஓடினால் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான புளூட்டோனியம் விளையும் என்பது இத்துறையின் வாய்பாடு. சைரஸைச் சுமாரான நேரம் ஓட்டினாலே ஆண்டுக்கு எட்டொன்பது கிலோ என்று மாணவர்களே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நாகசாகிக் குண்டுக்குள் இருந்தது ஆறு கிலோ என்பதைப் பக்கத்தில் எழுதிவிட்டு நான் பேசாமல் நிற்பேன். எரிபொருளை நீண்ட காலம் உலையில் விட்டால் புளூட்டோனியம்-240 கூடிவிடும். மின்சாரம் தயாரிக்கும் உலைகள் சிக்கனம் கருதி அப்படித்தான் நெடுநாள் எரிக்கின்றன. சைரஸ் போன்ற ஆராய்ச்சி உலையில் எரிபொருளைச் சீக்கிரமே வெளியே எடுக்கலாம். 1964-இல் ஆண்டுக்கு 30 டன் எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் திறனுள்ள புளூட்டோனிய ஆலையும் டிராம்பேயிலேயே இயங்கத் தொடங்கியது. அன்றைக்கு இந்தியாவுக்குக் குண்டு செய்யும் முடிவு எதுவும் இல்லை. முடிவெடுப்பதற்கான வசதி மட்டும் வந்துவிட்டது.

1964 அக்டோபர் 16 அன்று சீனா தன் முதல் குண்டை வெடித்தது. எட்டு நாட்கள் கழித்து இந்திய அணுசக்தித் திட்டத்தின் தலைவர் ஹோமி பாபா அகில இந்திய வானொலியில் பேசும்போது, 10 கிலோ டன் வெடிப்புக்குச் செலவு 17.5 லட்சம் ரூபாய் என்றும், இரண்டு மெகாடன் வெடிப்புக்கு 30 லட்சம் ரூபாய் என்றும் எண்களைச் சொன்னார். நாடே அந்த எண்களைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு மலிவா என்று நாடாளுமன்றத்தில் பேசினார்கள். அவை, சுரங்கம் தோண்டுதல் போன்ற வேலைகளுக்கான வெடிப்புகளுக்கு அமெரிக்கா வெளியிட்டிருந்த விலைகளிலிருந்து வந்தவை. உலைக்கும், கனநீருக்கும், புளூட்டோனிய ஆலைக்கும், அவற்றை நடத்தும் ஆயிரக்கணக்கானோரின் சம்பளத்துக்கும் அதில் இடமில்லை. பாபாவுக்கு இது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. 1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங்க் மலையில் நடந்த ஏர் இந்தியா விபத்தில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு டிராம்பே நிலையம் அவர் பெயரைப் பெற்றது.

1974 மே 18 அன்று ராஜஸ்தானின் பொக்ரானில், நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் இந்தியா வெடித்த சாதனத்தின் புளூட்டோனியம் சைரஸில் விளைந்தது. அதை நசுக்கும் வெடிமருந்து அமைப்பு சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆய்வகத்தில் உருவானது. இயற்பியலாளர் ராஜா ராமண்ணா வழிநடத்திய அந்தச் சிறிய குழுவில் இருந்த ஆர். சிதம்பரம் சென்னையில் பிறந்தவர். கடும் அழுத்தத்தில் புளூட்டோனியம் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருடைய ஆய்வுப் பொருள். அரசு அதை அமைதி வழியிலான அணுவெடிப்பு என்று அறிவித்தது. சைரஸ் ஒப்பந்தம் 1956-இல், சர்வதேச அணுசக்தி முகமை தோன்றுவதற்கு முன்பே, அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வாக்குறுதியோடு கையெழுத்தாகியிருந்தது. கண்காணிப்பு எதுவும் இல்லை. வெடிப்பை அமைதி வெடிப்பு என்று அழைத்தால் வாக்குறுதியும் மீறப்படாது என்பது இந்தியாவின் வாதம். கனடா இந்த வாதத்தை ஏற்காமல் அணு ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. அந்தக் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது; அதே சமயம், தாங்களே ஆயிரக்கணக்கான குண்டுகளை அடுக்கி வைத்திருந்த நாடுகள் ஒரே ஒரு வெடிப்புக்காக இந்தியாவுக்கு நீதி போதித்ததில் எனக்கு மரியாதை இல்லை.

அந்த ஒரு வெடிப்பின் விளைவு உலக வணிக விதிகளையே மாற்றியது. அணுப் பொருட்களை விற்கும் நாடுகள் கூடி, 'அணு விநியோக நாடுகள் குழு' என்று இன்று அழைக்கப்படும் அமைப்பை உருவாக்கின. மும்பைக்கு வடக்கே உள்ள தாராப்பூர் மின் உலைகளுக்கு அமெரிக்க எரிபொருள் வருவது இழுபறியாகி, பின்னர் பிரான்ஸிடம் போக வேண்டியதாயிற்று. உலை, உதிரிப்பாகம், கனநீர் என்று ஒவ்வொன்றையும் உள்நாட்டிலேயே செய்யும் கட்டாயம் வந்தது. டிராம்பேயில் 1985 ஆகஸ்டில் தொடர்வினையை எட்டிய 100 மெகாவாட் துருவா உலை அந்தக் கட்டாயத்தின் விளைபொருள். தொடக்கத்தில் எரிபொருள் தண்டுகளின் அதிர்வால் சில ஆண்டுகள் முடங்கி, பின் சீராகி, இன்று வரை இந்தியாவின் ஆயுதப் புளூட்டோனியத்துக்கு முதன்மை ஊற்றாக இருக்கிறது.

பொக்ரானில் இந்தியா மீண்டும் அணுச் சோதனை நடத்திய 1998 மே 11-உம் 13-உம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கலாமும் சிதம்பரமும் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகையின் அட்டையிலும் இருந்தார்கள். மாதுங்காவில் இனிப்பு வழங்கியவர்களை நானே பார்த்தேன். மே மாதம் முடிவதற்குள் பாகிஸ்தான், செறிவூட்டிய யுரேனியத்தைக் கொண்டு, தன் சோதனைகளை நடத்திவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 2009-இல், பொக்ரான் சோதனையில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் தரப்பில் முக்கியப் பங்கு வகித்த கே. சந்தானம், ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அணுசக்திக் கமிஷனின் முன்னாள் தலைவர் பி.கே. ஐயங்காருக்கும் ஏற்கனவே அந்த ஐயம் இருந்தது. சிதம்பரமும், கமிஷனின் அன்றைய தலைவர் அனில் ககோட்கரும் அதை மறுத்தார்கள். அன்றைக்குத் தொலைக்காட்சிகளிலும் தெருமுனைகளிலும் நடந்த சர்ச்சை முழுவதும் கிலோ டன் கணக்கிலேயே சுழன்றது. 15 கிலோ டன் என்ன செய்யும் என்பது 1945-லேயே தெரிந்த பிறகு, அரசு சொன்ன 45 வந்ததா, 25தான் வந்ததா என்பது எனக்கு இரண்டாம்பட்சமான கேள்வியாகவே பட்டது. 2007-இல் ஆலன் ரோபாக் உள்ளிட்ட வானிலை விஞ்ஞானிகள் வெளியிட்ட கணிப்பொறி மாதிரி ஆய்வு, இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான குண்டுகளை மொத்தம் நூறு பயன்படுத்தினால், எரியும் நகரங்களிலிருந்து 50 லட்சம் டன் கரி மேல்வளிமண்டலத்துக்கு ஏறி, உலகின் சராசரி வெப்பநிலையை ஒரு டிகிரிக்கு மேல் குறைத்து, பல ஆண்டுகள் விளைச்சலைக் குலைக்கும் என்று கணித்தது. கரியின் அளவைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் அந்தக் கணக்குக்கு ஹைட்ரஜன் குண்டு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

ஆகவே நான் கிலோவுக்கே திரும்புகிறேன். இன்று உலகில் ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 1980-களின் நடுவில் இருந்த உச்சத்தில் அது சுமார் 70,000. இந்தியாவின் எண்ணிக்கையை அரசு சொல்வதில்லை. வெளியிலிருந்து மதிப்பிடுவோர் 170, 180 என்று சொல்வது, துருவாவும் சைரஸும் எத்தனை நாள் ஓடியிருக்கும், எவ்வளவு புளூட்டோனியம் பிரித்திருக்கலாம் என்று கணக்கிட்டு, ஆயுதத் தரத்தில் சுமார் 700 கிலோ என்ற முடிவுக்கு வந்துதான். 2008-இல் அணு விநியோக நாடுகள் தங்கள் வணிகத் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு அளித்தபோது நடந்த பேரத்தின் மையமும் இதுவே: எந்த உலைகள் சர்வதேசக் கண்காணிப்புக்குள் போகும், எவை வெளியே நிற்கும். சைரஸை 2010 முடிவில் மூடினார்கள். துருவா வெளியே நின்றது. நம் கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும் அதிவேக ஈனுலையும் வெளியே நின்றன. கல்பாக்கத்தில் மின்வெட்டு பற்றியும் மீனவர் பற்றியும் பேசுகிறோம். அந்த ஈனுலையின் மையத்தைச் சுற்றி யுரேனியம் அடுக்கும் 'போர்வை' என்ற பகுதியில் ஆயுதத் தரப் புளூட்டோனியம் விளையும் என்ற தொழில்நுட்ப உண்மையைத் தமிழில் யாரும் விவாதித்து நான் படித்ததில்லை.

குண்டுக்கான உலோக உற்பத்தியையே நிறுத்தும் ஒப்பந்தத்துக்கு ஜெனீவாவில் 1995-இல் பேச்சுவார்த்தைக்கான ஆணை தயாரானது. ஏற்கனவே குவித்துவைத்த கையிருப்பையும் சேர்க்க வேண்டும் என்ற பாகிஸ்தானின் வாதத்தில் அது பல காலமாக நகராமல் கிடக்கிறது. உருப்படியாக நடந்த ஆயுதக் குறைப்பு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், 1993 முதல் 2013 வரை ரஷ்யா தன் குண்டுகளிலிருந்த 500 டன் உயர்செறிவு யுரேனியத்தைச் செறிவு குறைந்த யுரேனியத்தோடு கலந்து நீர்க்கச் செய்து, அமெரிக்க மின்நிலையங்களுக்கு விற்றதைச் சொல்வேன். சுமார் 20,000 குண்டுகளுக்குச் சமமான அந்த உலோகம், அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தந்தது. நீர்த்த யுரேனியத்தைத் திரும்பக் குண்டாக்க, மறுபடியும் செறிவூட்டல் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

புளூட்டோனியத்துக்கு அந்த வசதி இல்லை. எதோடு கலந்தாலும் வேதியியல் அதைத் திரும்பப் பிரித்துவிடும். அதன் அரை ஆயுள் 24,000 ஆண்டுகள். தலா 34 டன்னை அகற்றுவதாக அமெரிக்காவும் ரஷ்யாவும் 2000-இல் செய்துகொண்ட உடன்பாட்டை ரஷ்யா 2016-இல் நிறுத்திவைத்தது. அதற்காகத் தென் கரோலினாவில் பெரும் பொருட்செலவில் எழுப்பிக்கொண்டிருந்த ஆலையை அமெரிக்கா 2018-இல் கைவிட்டது. இந்தியாவின் ஆயுதக் கையிருப்பு ஏறக்குறைய முழுவதும் புளூட்டோனியம். நாளைக்கே டெல்லியும் இஸ்லாமாபாத்தும் மனம் ஒத்துப்போய்க் குண்டுகளைக் கழற்றிவிட்டாலும், தன் யுரேனியத்தைப் பெருமளவு நீர்க்கச் செய்துவிடப் பாகிஸ்தானுக்கு ஒரு வழி உண்டு. டிராம்பேயில் பிரித்தெடுத்த கிலோக்களுக்கோ, உலையில் இட்டு எரித்துத் தீர்ப்பதும், கண்ணாடியோடு உருக்கியோ வேறு பொருளோடு கலந்தோ ஆழத்தில் புதைப்பதும் தவிர வேறு வழி இதுவரை யாரும் காட்டவில்லை. அந்த இரண்டில் எதையும் எந்த நாடும் தன் ஆயுதப் புளூட்டோனியத்துக்குப் பெரிய அளவில் இன்னும் செய்து முடித்ததில்லை.